மூணோட ஒன்னு சேர்ந்தா பசு

மூன்றரை வயதுப் பிள்ளை நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பதைக் கேட்டுப் பூரித்துப்போகாத வீடு நம் பக்கம் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், "மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு கண்ணு" என்பார்கள். பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும். எல்லோரும் கை தட்டுவோம். மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளோடு பல வருடமாக இருப்பவள் நான். ஜூன் மாதம் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளிடம் தவறாமல் ஒன்று செய்து பார்ப்பேன். ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை முன்னால் வைத்து, "டீச்சருக்கு அஞ்சு கொட்டை எடுத்துக் கொடு" என்பேன். நூறு வரை சொன்ன பிள்ளை கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். "இது அஞ்சா?" என்றால் ஆமாம் என்று தலையாட்டும். "எண்ணிப் பாரேன்" என்றால் ஒவ்வொன்றாகத் தொட்டு, எட்டு வரை சரியாகவே எண்ணும். "அப்ப மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் கணக்கு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளும் கடந்து வரும் கட்டம்தான். எண்ணுவதற்குள் என்னென்ன அறிவு அடங்கியிருக்கிறது என்று உளவியல் ஆய்வாளர்களான ரோஷல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-இலேயே பிரித்து எழுதிவிட்டார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், அதற்கு மேல் கிடையாது. எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண் மொத்தத்தைச் சொல்லும். எந்தப் பொருளையும் எண்ணலாம். எங்கே தொடங்கி எண்ணினாலும் தொகை ஒன்றுதான். பெரியவர்களுக்கு இவை சொல்லித்தர வேண்டியவையாகவே தோன்றாது. பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைவசப்பட வேண்டும். எண்களின் வரிசை மட்டும் பாட்டு மாதிரி சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால்தான் நூறு வரை சொல்கிற பிள்ளைக்குக் கணக்கு தெரியும் என்று நம்பிவிடுகிறோம்.

என்னை ரொம்ப நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வேறொரு பேச்சு. "அந்தக் காலத்துல இப்படி நோட்டு வச்சா சொல்லிக் கொடுத்தாங்க? பல்லாங்குழி ஆடுச்சுங்க, கணக்கு தானா வந்துச்சு" என்று பிள்ளைகளை அழைத்துப் போக வரும் அப்பத்தாக்கள் சொல்வார்கள். பாரம்பரிய விளையாட்டைப் பற்றி இப்போது சுற்றிவரும் செய்திகளும் அதையேதான் இன்னும் பெரிதாக்கிச் சொல்கின்றன: ஞாபகசக்தி வரும், மூளையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், விரல் நுனி நரம்பு தூண்டப்படும். எனக்குப் பல்லாங்குழி மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தாலேயே "தானா" என்கிற சொல் உறுத்திக்கொண்டிருந்தது. தானாக வந்ததா, வரவழைத்தார்களா? வந்தது கணக்குதானா?

குழி குறைந்தால் ஆட்டம் தெளியும்

வழக்கமான பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து போட்டால் 70 கொட்டை. நாலு வயதுப் பிள்ளை முன்னால் இதை அப்படியே வைத்தால், பாதிக் கொட்டையைக் குழிகளில் நிரப்பும்போதே அதன் கவனம் ஓடிவிடும். நான் பக்கத்துக்கு நான்கு குழி மட்டும் வைத்துக்கொள்கிறேன். முட்டை அட்டையை அளவாக வெட்டினால் பலகை தயார். குழிக்கு இரண்டிரண்டாக 16 கொட்டை. சிறியவர்களுக்கு விதியையும் குறைத்துவிடுவேன். ஒரு குழியில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு வர வேண்டும். கையில் இருந்தது தீர்ந்ததும் ஆட்டம் அடுத்தவருக்கு. அடுத்த குழியை அள்ளித் தொடர்வது, காலிக் குழியைத் துடைத்து அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வது எல்லாம் பிற்பாடு. பசு விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்திருப்பேன். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. யார் போட்டு நாலானாலும், எவர் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்ளலாம்.

குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். புதிதாக ஆட வரும் பிள்ளை ஒரு குழியில் இரண்டைப் போடும், ஒரு குழியைத் தாண்டிவிடும், சிலசமயம் கையில் இருப்பதை மொத்தமாக ஒரே குழியில் கவிழ்த்துவிடும். நான் வாயால் திருத்துவதில்லை. என் முறை வரும்போது விரலைக் குழிக்குள் நன்றாக இறக்கி, டொக் டொக்கென்று சத்தம் வரும்படி நிதானமாகப் போடுவேன். கொஞ்ச நாளில் பிள்ளையின் கையும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். எண்ணும்போது ஒரே பொருளை இரண்டு தரம் தொட்டுவிடும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு இந்தக் குழியாட்டத்திலேயே விலகுவதைப் பார்த்திருக்கிறேன். கைபேசியிலும் பல்லாங்குழி வந்துவிட்டது. ஒரு குழியைத் தொட்டால் கொட்டைகள் தாமாகவே ஓடிப்போய் விழுகின்றன. பிள்ளை செய்ய வேண்டிய முக்கியமான வேலையை அது பிடுங்கிக்கொள்கிறது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் குழிகளை நிரப்புவதே ஒரு பாடம். "எல்லா வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு" என்று பிள்ளைதான் நிரப்ப வேண்டும். ஒரு குழியில் மூன்று கிடந்தால் எதிரே இருக்கும் பிள்ளை சும்மா இருக்காது. ஆட்டம் முடிந்ததும் யாரிடம் அதிகம் என்று பார்க்க வேண்டும். அதற்கும் எண்ணச் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு வரிசையாக, ஒன்றுக்கு எதிரே ஒன்றாகத் தரையில் அடுக்கச் சொல்வேன். எந்த வரிசை நீளமோ அவர்களிடம் அதிகம். எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு அதிகம். கழித்தல் என்ற பெயர் தெரியாமலேயே கழித்தல் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்.

தோற்றால் அழுவார்கள். நாலு வயதில் அது இயல்பு. அதற்காகப் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வெற்றி தோல்வியைப் பெரிதாகப் பேசாமல், "இன்னைக்கு உனக்கு எத்தனை பசு?" என்று கேட்டால் போதும். ஒன்றிரண்டு பசுவாவது எல்லோருக்கும் கிடைத்துவிடும். தன் முறைக்காகக் காத்திருப்பது, அடுத்தவர் கையைப் பிடித்துத் தள்ளாமல் இருப்பது, கொட்டையை ஒளித்துவைக்காமல் இருப்பது எல்லாம் இந்த வயதில் கணக்கைவிடக் கடினமான பாடங்கள். அவை படிய மாதக்கணக்கில் ஆகும்.

கயலின் மூன்றாவது குழி

யுகேஜியில் ஒரு பெண். இங்கே அவளுக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஐந்து வயது. நோட்டில் எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். பல்லாங்குழி என்றால் முதல் ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினோம். முதல் ஆட்டம் அவளுடையது. தன் பக்கத்து முதல் குழியை அள்ளி, அடுத்த இரண்டு குழிகளில் ஒவ்வொன்று போட்டாள். இரண்டிலும் மும்மூன்று ஆகிவிட்டது. என் முறை. என் வரிசையின் கடைசிக் குழியில் இருந்த இரண்டை எடுத்தேன். அங்கிருந்து போட்டால் முதல் கொட்டை அவளுடைய காலிக் குழியில் விழும், இரண்டாவது அதற்கடுத்த குழியில். நான் முதல் கொட்டையைப் போடுவதற்கு முன்னாலேயே அவள் கை அந்த மூன்று கிடந்த குழிக்குப் பக்கத்தில் வந்து அள்ளத் தயாராக நின்றது. குழியைத் தொட்டு எண்ணவில்லை, உதடும் அசையவில்லை. என் கையில் இரண்டு இருப்பதையும், இரண்டாவது எங்கே விழும் என்பதையும், விழுந்தால் அங்கே எத்தனை ஆகும் என்பதையும் பார்த்துவிட்டாள். கொட்டை விழுந்ததும் "பசு!" என்று கத்திக்கொண்டு நாலையும் வாரிக்கொண்டாள்.

வருடக்கணக்காகப் பிள்ளைகளோடு இருந்தும் அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நடக்கப்போவதை முன்னாலேயே பார்ப்பதுதானே கணக்கு! மறுபடியும் மூன்று இருந்த இன்னொரு குழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்டேன்.

"உள்ள எத்தனை இருக்கு?"

"மூணு."

"நான் இன்னொன்னு போட்டா?"

"பசு!"

அவள் நாலு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அங்கே இல்லை. மறுநாள் நோட்டில் மூன்றும் ஒன்றும் கூட்டல் குறி போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்திருந்தது. கயல் அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டத்துக்குள் மறுபடியும் ஒரு மூன்றைப் பார்த்து எழுதினாள். முந்தின நாள் என் கையிலிருந்து கொட்டை விழுவதற்கு முன்பே விடையைக் கண்டுபிடித்த அதே பெண். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கட்டத்துக்குள் இருந்த மூன்றால்தான். அவளுக்குக் கணக்கு தெரியும். ஆனால் அது குழிக்குள்ளேயே இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் குறிக்கும் தன் பசுவுக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. ஆட்டமும் காட்டாது, அது அதன் வேலையில்லை.

தில்லியில் பார்த்தது

இதையே பெரிய அளவில் தில்லியில் செய்து பார்த்திருக்கிறார்கள். மொய்ரா டில்லன், ஹரிணி கண்ணன், எலிசபெத் ஸ்பெல்கே, பிற்பாடு 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டூஃப்லோ முதலானோர், பிள்ளைகளின் கல்விக்காக வேலை செய்யும் பிரதம் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து செய்த ஆய்வு அது. 'சயன்ஸ்' இதழில் 2017-இல் வெளிவந்தது. 214 முன்பள்ளிகள், 1,540 பிள்ளைகள், சராசரியாக ஐந்து வயது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு நான்கு மாதம் கணக்கு விளையாட்டுகள். புள்ளிக் கூட்டங்களைப் பார்த்து எதில் அதிகம் என்று எண்ணாமலே சொல்ல வேண்டும், ஒரு கூட்டம் வடிவங்களில் எது மட்டும் சேராதது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். அளவையும் வடிவத்தையும் உணரும் அந்தத் திறமை ஒரு வருடத்துக்கு மேலும் நிலைத்தது. ஆனால் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது, பள்ளிக்கூடக் கணக்கில் மற்ற பிள்ளைகளைவிட முன்னால் நிற்கவில்லை. உள்ளுணர்வு வளர்ந்தது, ஏட்டுக் கணக்கு வளரவில்லை.

முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. விளையாட்டால் பயனில்லை என்று யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற கவலை. கயலைப் பார்த்த பிறகு திரும்பப் படித்தேன். அதே பெண்ணைத்தான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள். 2025-இல் 'நேச்சர்' இதழில், டூஃப்லோ, அபிஜித் பானர்ஜி, ஸ்பெல்கே ஆகியோரும் சேர்ந்திருந்த இன்னொரு ஆய்வு வந்தது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் காய்கறி விற்கும் பிள்ளைகள் மனக்கணக்காகவே பாக்கிச் சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறார்கள். அதே கணக்கைப் பாடப்புத்தக வடிவில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோ தாளில் போட்டுவிடுகிறார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். இரண்டு கரையிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள், பரிசல்தான் இல்லை. அதை ஓட்ட வேண்டியது பெரியவர்கள்.

"தானா வரும்" என்பதில் எனக்கிருந்த உறுத்தல் இங்கேதான் தெளிந்தது. அந்தக் காலத்திலும் தானாக வந்திருக்காது. திண்ணையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையிடம், "எத்தனை பசுடி எடுத்த? அப்ப எத்தனை கொட்டை? எனக்கு அதுல ரெண்டு குடு, மிச்சம் எவ்வளவு?" என்று வெற்றிலை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா இருந்திருப்பார். பலகையும் கொட்டையும் மட்டும் நம் ஞாபகத்தில் தங்கிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை மறந்துவிட்டோம். இப்போது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில்கூட மடக்குப் பல்லாங்குழி கொடுக்கிறார்கள். அதை வாங்கிப்போய்ப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அது கணக்கு சொல்லித்தரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பரிசல் பெரிய விஷயமும் இல்லை. 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் சாதனங்களில் ஒரு பெட்டி உண்டு. 0 முதல் 9 வரை எண் எழுதிய பத்து அறைகள், 45 மரக்குச்சிகள். ஒவ்வோர் அறையிலும் அதன் எண்ணுக்கு உரிய குச்சிகளைப் பிள்ளை போடும். பூஜ்ய அறை காலியாகவே இருக்கும். எண்ணின் வடிவமும் அதன் அளவும் ஒரே இடத்தில் கைக்குக் கிடைக்கின்றன. பல்லாங்குழியில் அளவு இருக்கிறது, வடிவம் இல்லை. அதனால் பழைய காலண்டர் அட்டையில் 0 முதல் 4 வரை எழுதிச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டேன். கயல் தன் பக்கத்து நான்கு குழிகளுக்குப் பின்னாலும் எத்தனை இருக்கிறதோ அந்த அட்டையை வைக்க வேண்டும். கொட்டை விழ விழ அட்டையை மாற்ற வேண்டும். மூன்று போய் நாலு வரும்போது, அட்டையை மாற்றினால்தான் பசுவை எடுக்கலாம். காலிக் குழிக்குப் பூஜ்யம். முதலில் அவளுக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. "அட்டை வேணாம் டீச்சர், சும்மா ஆடலாம்" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனவே ஒரு ஆட்டம் அட்டையோடு, ஒரு ஆட்டம் அட்டையில்லாமல் என்று பேசி முடித்துக்கொண்டோம். சில வாரம் போனதும், அட்டையை வைத்துக்கொண்டே ஒரு துண்டுச் சிலேட்டில் "3 + 1" என்று எழுதி, ஒன்றும் பேசாமல் அவள் பக்கம் தள்ளினேன். சிலேட்டைப் பார்த்தாள், மூன்று இருந்த குழியைப் பார்த்தாள். "டீச்சர், இது பசு!" என்றாள். அவளாகவே பக்கத்தில் 4 எழுதினாள். இடம் வலம் மாறி எழுதியிருந்தாள், நான் அதைத் திருத்தவில்லை.

கோலமாவில் போட்ட பத்துக் கட்டம்

பல்லாங்குழியில் கிடைக்காத ஒன்றும் உண்டு. அந்த ஆட்டம் சுற்றிச் சுற்றி வருவது. எட்டு ஆறைவிட எவ்வளவு தள்ளி இருக்கிறது, பத்து எங்கே இருக்கிறது என்கிற வரிசை உணர்வு அதில் இல்லை. அதற்கு நேர்க்கோட்டில் போகும் கட்டம் வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகளில் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. 1 முதல் 10 வரை எண் எழுதிய ஒரு நேர்க்கோட்டுப் பலகை. சுழற்றினால் 1 அல்லது 2 வரும், அத்தனை கட்டம் நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் போல, இரண்டு வாரத்தில் நான்கே தடவை. எண்ணை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது, ஒரு கோட்டில் எண்ணின் இடத்தைக் காட்டுவது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். 9 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது போகவில்லை. எண்ணுக்குப் பதிலாக நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்த வருடம் வட்டப் பலகையோடு ஒப்பிட்டார்கள். அதிலும் நேர்க்கோடுதான் முந்தியது.

இதைப் படித்ததும் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது சோழி. தாயம் ஆடப் பித்தளைக் கட்டை கிடைக்காத வீட்டில் சோழியைத்தானே குலுக்கிப் போடுவோம்? வாய் பார்த்து விழுந்ததை மட்டும் எண்ணுவோம். இரண்டே சோழியைப் போட்டால் பூஜ்யம், ஒன்று, இரண்டு. சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பகடை கிடையாது. பள்ளித் தரையில் கோலமாவால் பத்துக் கட்டம் வரிசையாகப் போட்டு எண் எழுதிவிடுவோம். காய்க்கு ஆளுக்கொரு பொத்தான். இரண்டும் குப்புற விழுந்தால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். "பூஜ்யம்னா நகரக்கூடாது" என்று ஒரு எல்கேஜிப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததை இந்தக் கோலத்துக்குப் பக்கத்தில்தான் கேட்டேன்.

இதில் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காய் ஆறாம் கட்டத்தில் இருக்கிறது, இரண்டு விழுந்திருக்கிறது. நாமெல்லாம் பழக்கத்தில் "ஒன்னு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்துவோம். பிள்ளையும் அப்படியே செய்யும். அப்படிச் செய்தால் அது கால் வைக்கும் கட்டத்தின் எண்ணை ஒருதரம்கூடப் பார்க்காது. "ஏழு, எட்டு" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லி நகர்த்த வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் இதைத் தனியாகவே சோதித்தார்கள். நூறு வரை கட்டமிட்ட ஒரே பலகையில், கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்த பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து எண்ணி நகர்ந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பலகை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். வாயில் எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பது மட்டுமே வேறு. வீட்டில் இப்போதே பரமபதமோ தாயமோ ஆடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே போதும் என்று பெற்றோரிடம் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

எல்லா ஆட்டமும் எல்லா வயசுக்கும் இல்லை

பழைய ஆட்டம் என்பதாலேயே சின்னப் பிள்ளைக்கு ஏற்றதாகிவிடாது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க நாம் ஆடும் பரமபதத்தில் வரிசை ஒவ்வொன்றும் திசை மாறும். கீழ் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஐந்து வயதுக்குக் கீழே இது குழப்பம்தான். பாம்பு கடித்தால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு விழுவதில் வரிசை உணர்வும் கலைகிறது. ஏழு வயதில் ஆடட்டும், அதன் சுகமே தனி. பித்தளைத் தாயக்கட்டையில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. பூஜ்யம் எதுவென்று இப்போதுதான் புரிந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், ஒன்றுமில்லாத இரண்டு சேர்ந்தால் பன்னிரண்டு என்று எப்படிச் சொல்வது? மூன்று புலியும் பதினைந்து ஆடும் இருபத்துமூன்று புள்ளிகளில் நகரும் ஆடு புலி ஆட்டத்துக்கு எதிராளி என்ன நினைக்கிறார் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அஞ்சாங்கல்லும் முழுசாக ஆட ஆறேழு வயதாகும். ஆனால் அதன் ஒரு துண்டை யுகேஜியிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கல்லையும் உள்ளங்கையில் வைத்து லேசாக மேலே போட்டுப் புறங்கையில் தாங்க வேண்டும். சில நிற்கும், சில விழும். "கையில எத்தனை? கீழ எத்தனை?" மூன்று நின்றால் இரண்டு விழுந்திருக்கும். நாலு நின்றால் ஒன்று. எத்தனை தடவை போட்டாலும் இரண்டும் சேர்ந்து ஐந்துதான் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நாள் ஒன்று வரும். கீழே குனிந்து பார்க்காமலே "ரெண்டு விழுந்துருச்சு" என்று சொல்லும். ஒத்தையா ரெட்டையா அதைவிட எளிது. மூடிய கையில் கொஞ்சம் கொட்டை. எதிராளி ஒத்தை என்றோ ரெட்டை என்றோ சொல்ல வேண்டும். பிறகு தரையில் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணவே தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட ஜோடி சேராமல் தனியாக நிற்கும் கொட்டையைக் கண்டுகொள்ளும்.

எச்சரிக்கை ஒன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய பல்லாங்குழிகளோடு குன்றிமணி வந்தால் தயவுசெய்து அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதையில் ஏப்ரின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் புளியங்கொட்டையோ சோழியோகூட வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளும் மூக்கில் நுழைத்துக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் நாங்கள் கொட்டைகளை எண்ணித்தான் டப்பாவில் போடுகிறோம். எண்ணுகிறவர்களும் பிள்ளைகள்தான்.

யார் உட்காருவது?

இப்போது அரசாங்கக் காகிதங்களிலெல்லாம் விளையாட்டு வந்துவிட்டது. 2022-இல் வந்த அடித்தளநிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்றிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டின் வழியேதான் கல்வி என்கிறது. நம் அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கைபேசியில் பதிவேற்ற வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். இருபது பிள்ளைகள் நடுவே ஒரு பல்லாங்குழிக்கு எதிரே உட்கார்ந்து, டொக் டொக்கென்று கொட்டை போட அவருக்கு நேரம் எங்கே? என் வகுப்பிலும் அதே கதைதான். பலகைக்குச் செலவு இல்லை, கொட்டை புளிக்கடையில் சும்மா கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு எதிரே கால்மணி நேரம் உட்காரும் ஒரு பெரியவர்தான் கிடைப்பதில்லை.

அதனால் இந்த வருடம் வெள்ளிக்கிழமைகளில் தாத்தா பாட்டிகளை வகுப்புக்குள் கூப்பிட ஆரம்பித்திருக்கிறோம். வாசலில் வெயிலில் நின்று காத்திருந்தவர்கள்தான், உள்ளே வந்து பாயில் உட்காருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே: பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே போட்டுவிடாதீர்கள், ஆட்டத்துக்கு நடுவே எத்தனை, இன்னும் எத்தனை என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். எண் எழுதிய அட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கயலின் அப்பத்தாவுக்கும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த இன்னோர் அப்பத்தாவுக்கும் பெரிய வாக்குவாதம். பசு குழிக்காரருக்கா, கடைசிக் கொட்டையைப் போட்டவருக்கா? "எங்க ஊர்ல போட்டவளுக்குத்தான்" என்று அவர், "அது என்னத்தா நியாயம், என் வீட்டுல ஈன்ற பசு எனக்குத்தான்" என்று இவர். கடைசியில் பிள்ளைகள் இரண்டு மாதிரியும் ஆடிப் பார்த்தார்கள். போட்டவருக்கே பசு என்றால், மூன்று இருக்கும் குழியைத் தேடிக் கணக்குப் பார்த்துத் தன் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று கயல் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த வெள்ளியும் உசிலம்பட்டி விதிப்படியே ஆடலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்த அப்பத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.